கும்பிட்ட கை

எங்கள் பக்கத்தில் ஒருவன் கொலை செய்துவிட்டுக்கூட ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்துவிடலாம். வந்தவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லாமல் விட்டவன் நடக்க முடியாது. கர்நாடகத்தில் கௌதள்ளி, மார்டள்ளிப் பக்கத்துத் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வரப்புத் தகராறு ஒரு வெள்ளாமையில் தீர்ந்துவிடும். "வாங்க" தகராறு பிள்ளைகள் தலைமுறைக்கும் போகும். உட்கார்ந்திருப்பவன் எழ வேண்டும், இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட வேண்டும், வாய் திறந்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வந்தவர் மனதில் வைத்துக்கொள்வார். அதுவும் மாமனார் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் ஒருமுறை அதில் தவறினேன். இன்னொரு முறை மூன்றையும் சரியாகச் செய்தேன். சரியாகச் செய்த அந்த முறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தவறியது என் தம்பி கல்யாணத்தில். அப்போது நான் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் காற்று கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டு கௌதள்ளிக்குப் போயிருந்தேன். மூத்தவன் என்பதால் பந்தி என் தலையில் விழுந்தது. ரசம் போதவில்லை, இலை போதவில்லை, பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளைக் கூட்டத்தோடு போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டார்கள். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தில் பந்தலின் பக்கவாட்டு வழியாக வந்து நின்ற என் மாமனாரை, மார்டள்ளியிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்த மனிதரை, இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். நான் அவரைப் பார்த்தேன் என்று அவர் சொன்னார். நான் பார்க்கவில்லை. அவர் கை நனைக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. சமாதானம் பேச வந்த பெரியவரிடம், "அவரு என்ன கலெக்டருங்களா, நான் வாசல்ல நின்னு சல்யூட் அடிக்கிறதுக்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி நான் கேட்டதைவிட இரண்டு மடங்கு காரமாக மார்டள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு ஒன்றரை வருஷம் போக்குவரத்து இல்லை. என் மனைவி நடுவில் மாட்டிக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டிலிருந்து அழைக்க யாரும் வரவில்லை. அழைக்காமல் அவளும் போகவில்லை. மைசூரிலேயே பெற்றுக்கொண்டாள். பெண் குழந்தை.

குழந்தைக்குப் பெயர் வைக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவள், "எங்கப்பா வரட்டும்" என்பாள். "வரமாட்டாரு" என்பேன். "வருவாங்க. பேத்தியப் பாக்காம இருப்பாங்களா?" என்பாள். அவள் அப்பா வந்து காதில் பெயரைச் சொல்ல வேண்டும், நான் அவரை எழுந்து நின்று கும்பிட வேண்டும், இவ்வளவுதான் அவள் அந்த நாட்களில் ஆசைப்பட்டது. குழந்தை ஐம்பது நாளை நெருங்கியும் பாப்பாவாகவே இருந்தது.

மைசூரில் மார்கழிக் குளிர் கொஞ்சம் சொல்லிக்கொள்ளும்படிதான் இருக்கும். நாங்கள் இருந்த லைன் வீடுகளில் அந்த மாதம் எல்லோருக்கும் சளி. எனக்கும் இருந்தது. இரண்டு நாள் மூக்கைச் சிந்தினேன், சரியாகிவிட்டது. குழந்தைக்கு மூக்கடைப்பாகத் தொடங்கி, மூன்றாம் நாள் இழுப்பாக மாறியது. பால் குடிக்க வாயை வைத்ததும் விட்டுவிட்டு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுந்தது. நான் கம்ப்ரசர்காரன். எங்கோ அடைத்துக்கொண்டு ஒரு இயந்திரம் தன் சக்திக்கு மேல் இழுக்கிறது என்பது பார்த்ததும் தெரிந்தது. தெரிந்தும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்துக் கிளினிக் மருந்தை நம்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் உதடு நீலம் பாய்ந்ததும்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குழந்தைகள் வார்டில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர், நாங்கள் பேசும் தமிழ் அவருக்குப் புரியும். முதலில் குழந்தையின் தலைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் ஆக்சிஜன் விட்டார்கள். இது வைரஸ், நுரையீரலின் சின்னக் குழாய்களெல்லாம் வீங்கிச் சளியால் அடைத்திருக்கிறது, பெரியவர்களுக்கு வெறும் சளியாகப் போய்விடுவது இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இப்படி ஆகிவிடுகிறது என்று சொன்னார். இதைக் கொல்லும் மருந்து இல்லை, உடம்பு தானாக ஜெயிக்கும்வரை மூச்சை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார். மத்தியானம் குழந்தை மூச்சு விடுவதையே மறந்தது. மறந்தது என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். களைத்துப்போய், எண்ணிப் பத்துப் பதினைந்து வரை சும்மா கிடந்தது. நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டினால் ஒரு மூச்சு விட்டது. பிறகு மறுபடி மறந்தது.

அப்போதுதான் வாய் வழியாகக் குழாய் போட்டார்கள். குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. கைக்குள் அடங்கும் அளவு, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதான மாங்காய் மாதிரி. அதை அமுக்கினால் குழந்தையின் நெஞ்சு எழும். விட்டால் தாழும். மூச்சு கொடுக்கும் மிஷின் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற்கனவே வேறொரு குழந்தை இருந்தது. அதை எடுத்து இதற்குப் போட முடியாது, அது காலியாகும்வரை வீட்டுக்காரர்கள்தான் கையால் அமுக்க வேண்டும், வேறு வழியில்லை என்றார் டாக்டரம்மா. இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நிறைய இடங்களில் அப்படித்தான். இன்றைக்குச் சொன்னால், பின்னால் பிறந்த என் மகளே நம்புவதில்லை.

அவரே என் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கன்னடத்தில் "ஒத்து" என்றால் அமுக்கு, "பிடு" என்றால் விடு. "ஒத்து, பிடு, பிடு. ஒத்து, பிடு, பிடு." வலது கையால் பை. இடது கையால் பையும் குழாயும் சேரும் இடத்தைக் குழந்தையின் உதட்டருகே அசையாமல் பிடிக்க வேண்டும். குழாய் இழுபடக் கூடாது. எவ்வளவு அழுத்தம் என்று காட்ட மீட்டர் எதுவும் இல்லை. நான் கேட்டேன். "நெஞ்சைப் பாருங்க, அதுதான் மீட்டர்" என்றார். அதிகம் அமுக்கினால் நுரையீரல் கிழியும். குறைவாக அமுக்கினால் போதாது. "எது ஆனாலும் ரெண்டு கையையும் எடுக்காதீங்க" என்று மட்டும் தமிழிலேயே, எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று, தனியாக ஒருமுறை சொன்னார்.

எனக்கு அந்த வேலை வந்தது. பெருமையாகவே சொல்கிறேன். எத்தனையோ வருஷம் காற்றோடு பழகிய கை. சளி அடைத்தால் பை கொஞ்சம் இறுகும், அது விரலுக்குத் தெரிந்துவிடும். நர்ஸைக் கூப்பிடுவேன், அவர் மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சளியை உறிஞ்சுவார், பை மறுபடி இளகும். என் மனைவி ஒரு முறை, நான் இரண்டு முறை என்று மாற்றிக்கொண்டோம். தொழிற்சாலை நண்பன் ஒருவன் தினமும் ஷிப்ட் முடித்து வந்து இரண்டு மணி நேரம் கொடுத்தான். சாப்பிடும்போது என் இடது கை சாதத்தைப் பிசைய, வலது கை தானாக மடங்கி விரிந்துகொண்டிருக்கும். மனைவி அதைப் பார்த்து அந்த நிலையிலும் சிரித்தாள். "வலது கையில சாப்பிடுங்க, பொறத்தியாரு பாத்தா பைத்தியம்னுவாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. "இருங்க, பாருங்க" என்றார். குழந்தையின் நெஞ்சு தானாக எழுந்தது. மறுபடி எழுந்தது. ஆறு மூச்சு, யாருடைய உதவியும் இல்லாமல். பிறகு தளர்ந்தது. நான் மறுபடி அமுக்கத் தொடங்கினேன். "நன்றாக வருகிறது, இதே மாதிரி போனால் இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடலாம்" என்றார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒரு காலைதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என்னிடம் கேட்காமலேயே அவள் அந்தத் தொழிற்சாலை நண்பனை அனுப்பி மார்டள்ளிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் மாலை நான்கு மணி. பார்வையாளர்களை உள்ளே விடும் நேரம். வார்டில் ஆரஞ்சுப் பழமும் பிளாஸ்குமாகக் கூட்டம். நான் கட்டிலின் தலைமாட்டில் முக்காலியில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி எனக்கு இடது பக்கம் நின்று குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் என் மாமனார் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒயர் கூடை. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். வந்திருக்கிறேன், இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிற பார்வை.

நான் எழுந்தேன். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். "வாங்க மாமா" என்றேன்.

யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஒன்றரை வருஷம் வீம்பு பிடித்தவன் நான். வீம்பு வேண்டியிருந்த ஒரே ஒரு நொடியில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே தலையை ஆட்டியிருக்கலாம். வாயால் மட்டும் சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்து உடம்புக்குள் அடித்துப் பழக்கியது என்னைக் கேட்காமல் எழுந்து நின்றது. கம்ப்ரசருக்கும் தெரியும் எப்போது நிற்கக் கூடாது என்று. எனக்குத் தெரியவில்லை.

கையை விட்டதும் பை மெத்தையின் விளிம்பில் சரிந்து கீழே தொங்கியது. கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி எச்சிலில் ஊறியிருந்தது. பையின் கனத்தோடு குழாயும் வெளியே வந்துவிட்டது. சத்தம் எதுவும் இல்லை. மாமனார் கண்கலங்கி, "இருக்கட்டுங்க மாப்ள, உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கும்பிட்டபடி நின்ற அந்த நேரத்தில் எங்கள் நடுவில் குழந்தை மூச்சில்லாமல் கிடந்தது.

முதலில் பார்த்தது நர்ஸ். அவர் கத்திய கத்தலில் டாக்டரம்மா ஓடி வந்தார். எங்களையெல்லாம் வெளியே தள்ளினார்கள். நான் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாயை மறுபடி உள்ளே விட முயன்றார்கள். தொண்டை வீங்கியிருந்தது, போகவில்லை. பெரிய டாக்டர் வந்தார். யாரோ இரண்டு கட்டை விரலால் குழந்தையின் நெஞ்சை அழுத்தினார்கள். ஊசி போட்டார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் குழாய் உள்ளே போய்விட்டது, இதயம் மறுபடி துடிக்கிறது என்று சொன்னார்கள்.

வராந்தாவில் மாமனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, இந்த நெலமயிலயும் எந்திரிச்சுக் கும்புட்டீங்க பாருங்க. நாந்தாங்க தோத்துட்டேன். ஒன்றர வருசம் கிறுக்குத்தனமா இருந்துட்டேனுங்க" என்று அழுதார். குழந்தைக்குத் தானாக உடம்பு மோசமாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பை சரிந்தது தெரிந்திருக்காது. நான் சொல்லியிருக்கலாம்.

டாக்டரம்மா வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "குழாய் எப்படி வந்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"கொழந்த தலையத் திருப்புச்சுங்க" என்றேன்.

ஐம்பது நாள் குழந்தை. மருந்து மயக்கத்தில் விரலைக்கூட அசைக்காமல் கிடந்த குழந்தை. அதன்மேல் பழியைப் போட்டேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். பிறகு, "பிளாஸ்திரியை நான் காலையிலேயே மாற்றியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது" என்று கன்னடத்தில் சொன்னார். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும் அவருக்கு. நான்கு நாளாக எங்களோடு சேர்ந்து தூங்காமல் இருந்தவர். என் தப்பை அவர் எடுத்து வைத்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இப்போது எங்கேயோ பெரிய டாக்டராக இருப்பார். அந்தப் பிளாஸ்திரியை மறந்திருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன், நம்ப முடியவில்லை.

மறுநாள் காலையில் மிஷின் கிடைத்தது. அதில் இருந்த குழந்தை தேறி வெளியே வந்துவிட்டது. எங்கள் குழந்தையை அதில் மாட்டினார்கள். ஒரே சீராக நெஞ்சு எழுந்து தாழ்ந்தது, என் கையைவிட ஒழுங்காக. எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ராத்திரியிலிருந்தே வலிப்பு வந்துகொண்டிருந்தது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் நான் புரிந்துகொள்ளவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

மாமனார் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்து, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். நல்ல பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. கட்டிலில் தொங்கிய அட்டையில் கடைசிவரை என் மனைவியின் பெயரைப் போட்டு அவளுடைய குழந்தை என்றுதான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணி வாக்கில் இதயம் நின்றது. காரணம் என்று எழுதிக் கொடுத்ததில் வைரஸும் நிமோனியாவும் இருந்தன. நான் இல்லை. இப்படி இருக்கிற குழந்தைகளில் சிலது என்ன செய்தாலும் தப்புவதில்லை என்று பெரிய டாக்டர் என் தோளைத் தட்டிச் சொன்னார். அந்தச் சிலதில் இதுவும் ஒன்றா என்பதை யாரிடம் போய்க் கேட்பது? மூன்று நாளுக்கு முன் காலையில் விட்ட ஆறு மூச்சை நான் பார்த்திருந்தேன். குழந்தையை மாமனார் தன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். மண்ணை நான்தான் தள்ளினேன்.

பிறகு வாழ்க்கை நடந்தது. நடக்காமல் என்ன செய்யும்? தொழிற்சாலையில் கம்ப்ரசரின் வால்வு திறந்து காற்று பீறிடும்போதெல்லாம் வெளியே போய் நின்றுகொண்டேன். ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் இஞ்சின் ஓசைக்குள் "ஒத்து, பிடு, பிடு" கேட்கும். என் வலது கை மடியில் தானாக மடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார், கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். மூன்று வருஷம் கழித்து இன்னொரு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆகும்வரை நான் அவளைத் தூக்கவில்லை. என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் தூங்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அரிசி இருக்கிறதா, கேஸ் வந்ததா, பள்ளிக்கூட மீட்டிங் எப்போது என்பதற்கு மேல் பேசிக்கொண்ட நாட்கள் கம்மி. அவளைப் பார்த்தால் வராந்தாவில் நான் சொன்ன பொய் ஞாபகம் வரும். அதனால் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

பேசியதெல்லாம் மாமனார்தான். வருஷம் தவறாமல் வந்தார். அவரைப் போல் ஒரு மாமனார் யாருக்கும் கிடைக்க மாட்டார். போகிற விசேஷத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். "கொழந்த சாகக் கெடக்குது. கையில மூச்சுப் பையி. அப்பவும் எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாருங்க எங்க மாப்ள. மரியாதன்னா அதுங்க." கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டுவார்கள். ரெண்டு கையையும் எடுத்து என்று அவரே தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒன்று சேர்ந்ததே அந்தக் கும்பிடால்தான். அதை எப்படி நான் உடைப்பேன்?

சில வருஷத்துக்கு முன் மாமனார் இறந்தார். எழவு வீட்டிலும் அந்தக் கதை வந்தது. என் மைத்துனன் சொன்னான். தன் மகனிடம், மாமாவைப் போல் இருக்கக் கற்றுக்கொள் என்றான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்து நானும் மனைவியும் மைசூர் பஸ் ஏறினோம். நல்ல வெயில். ஜன்னல் பக்கம் அவள். கொள்ளேகால் தாண்டியதும், அவள் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கக் கூடாது. எந்திரிக்காம இருந்திருந்தா பாப்பா பொழச்சிருக்கும்."

இருபது வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்தது. சொன்னதும் லேசாகும் என்று நினைத்தேன். அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "நாந்தான சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்ன?"

"அப்பா வந்திருக்காங்க, எந்திரீங்கன்னு. உங்க தோளத் தொட்டுச் சொன்னேனே. நான் சொல்லப் போய்த்தான நீங்க எந்திரிச்சீங்க."

அவள் தொட்டது எனக்குத் தெரியாது. சொன்னது கேட்கவில்லை. இன்றைக்கு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் மாமனாரின் கண் இருக்கிறது, என் கை இருக்கிறது, அவளுடைய குரல் இல்லை. சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

"கேக்காமயா எந்திரிச்சீங்க?"

"நானாத்தான் எந்திரிச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. டாக்டரம்மா கேட்டப்பக்கூட கொழந்த தலையத் திருப்புச்சுன்னு எனக்காகத்தான சொன்னீங்க?"

"இல்ல. எனக்காகச் சொன்னேன். என்னயக் காப்பாத்திக்கச் சொன்னேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவள் அழவில்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லீன்னா," என்றாள், "இத்தன வருசம் நீங்க எதுக்குங்க எங்கிட்ட பேசாம இருந்தீங்க?"